அளவுக்கு ஒரு தீப்பெட்டி

விருத்தாசலம்,
ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்தபின்.

அன்புத் தம்பி வளவனுக்கு,

அக்கா பூர்ணிமா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் காவியாவும் நலம். மாமாவின் முதுகும் என் முழங்காலும் மட்டும் இந்த நலத்தில் சேர்த்தி இல்லை. தோகாவில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எப்படிக் கேட்டாலும் நீ "எல்லாம் நல்லாருக்குதுக்கா" என்றுதான் சொல்லப்போகிறாய், அதனால் கேள்வியை இத்துடன் விட்டுவிடுகிறேன். இந்தக் காலத்தில் அக்கா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். இவ்வளவையும் வாட்ஸப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப வழியில்லை, படித்துத்தான் ஆக வேண்டும். மங்கலம்பேட்டைக் கடைக்காரர் இலியாஸ் பாயின் தம்பி லீவு முடிந்து இன்று சாயங்காலம் தோகாவுக்குப் புறப்படுகிறார். கடிதத்தையும் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயையும் அவர் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உறைக்குள் என்னுடைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதை இப்போது எடுத்துப் பார்க்காதே. கடைசிவரை படித்துவிட்டு எடு. அப்போதுதான் அதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

"போன் இருக்கறப்ப தனியா கேமரா எதுக்குக்கா? வேணும்னா புதுப் போன் அனுப்பறன்" என்று நீ பல தடவை கேட்டுவிட்டாய். "சும்மாதாண்டா, அன்றாடப் புழக்கத்துக்கு" என்று நானும் பல தடவை சொல்லிவிட்டேன். அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதுகிறேன், உன் மாமாவிடம் சொல்லாதே. எதிர்வீட்டு சொர்ணாம்பாள் அம்மா காலமானது உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேனர் அடிக்க அந்த அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்று தேடினார்கள். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். அந்த அம்மா மட்டும் எதிலும் இல்லை. "அத்த எங்க நின்னாங்க, போட்டோன்னா அடுப்பாண்ட போயிடுவாங்க" என்று பெரிய மருமகள் அழுதாள். கடைசியில் பேத்தி காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்து லட்டு சாப்பிடும்போது யாரோ எடுத்த படம் ஒன்று கிடைத்தது. பக்கத்து இலைக்காரரை வெட்டியெடுத்துவிட்டு அதைத்தான் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கித் தெருமுனையில் கட்டினார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே ஒரு கன்னம் மட்டும் உப்பிய சொர்ணாம்பாள் அம்மா, சாப்பிடுகிற நேரத்தில் எதற்கடா கூப்பிடுகிறீர்கள் என்று கேட்பது மாதிரி ஒரு பார்வை. பால் வாங்கப் போகும்போது பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு என் போனை எடுத்து முதலிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். காவியா, உன் மாமா, அவர் சூளை ஜாடி, கோயில் தேர், ஜாடி, பள்ளி ஆண்டு விழா, உன் கல்யாணம், பக்கத்து வீட்டு நாய், மறுபடியும் ஜாடி. நான் எங்கேயும் இல்லை. சில படங்களின் ஓரத்தில் சதைப்பற்றாக ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் என் கட்டைவிரல். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பள்ளி அலுவலகத்தில் எந்த விழா வந்தாலும் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டு, "மேடம், நீங்கதான் கோணாம எடுப்பீங்க, நீங்களே எடுங்க" என்பார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்து இத்தனை வருஷமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உன் கல்யாணத்திலும் அப்படித்தான். காவியா செல்ஃபி எடுக்கிறாள். அவளுடைய செல்ஃபியில் நான் ஒரு காதும் ஒரு கம்மலுமாக இருக்கிறேன். எனக்கு அழகான படம் வேண்டும் என்றில்லை வளவா. நம்முடைய ஆள் ஒருத்தர் என்னை எதிரில் நிற்கவைத்து, வேறு வேலை இல்லாமல் என்னைப் பார்த்து, ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். இதை உன் மாமாவிடம் எப்படிச் சொல்வது? பேனரைப் பார்த்துவிட்டு வந்து படம் எடுங்கள் என்றால் "வாயக் கழுவு மொதல்ல" என்பார். அதனால் காரணம் சொல்லாமல், "ஏங்க, பச்சைச் சேல கட்டியிருக்கறன், ஒரு போட்டோ எடுங்களேன்" என்று கேட்டேன். மறுக்கவில்லை, எடுக்கத்தான் வந்தார். என்னைக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினார், போனைத் தூக்கிப் பிடித்தார், போன் டிங் என்றது. "இரு, அசையாத" என்று சொல்லிவிட்டு அதைப் படித்தார். "சேலத்துக்காரன் லாரிய அனுப்பிட்டானாம், அட்டைப்பெட்டி இன்னும் வரலியே" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் அசையாமல் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தேன். காவியா வந்து, "ஏம்மா தனியா சிரிக்கிற, பயமா இருக்குது" என்றாள். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்டேன், ஏதோ கிரிக்கெட் வந்து குறுக்கே விழுந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன். நமக்கு வேண்டியது படம் எடுப்பதைத் தவிர வேறு ஒன்றுமே தெரியாத ஒரு பொருள். யாரும் கூப்பிட முடியாத, எந்தச் செய்தியும் வராத பொருள்.

நீ அனுப்பிய கேமராப் பட்டியல்களை மதித்துப் படித்தேன். மெகாபிக்சல் எத்தனை, லென்ஸ் எப்படி, இருட்டில் எப்படி, எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். பரீட்சைக்குப் படித்தது மாதிரி இருந்தது. படித்து முடித்தபோது எல்லாக் கேமராவும் நல்ல கேமரா, எதுவும் என் சம்பளத்துக்கு இல்லை என்று புரிந்தது. எனக்கு வேண்டியதோ சின்ன விஷயம். கைப்பைக்குள் அடங்க வேண்டும், உன் மாமாவின் விரலுக்கு மாட்டுகிற மாதிரி ஒரு பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், கீழே விழுந்தால் அழுகிற விலையாக இருக்கக் கூடாது. ஜங்ஷன் ரோட்டு ஸ்டூடியோவில் போய்க் கேட்டேன். ஸ்டூடியோக்காரர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். "சின்ன கேமராவா? அதையெல்லாம் செஞ்ச கம்பெனிக்காரனே மறந்துட்டான்க்கா. உங்க போனுல எது கொறையுது?" என்றார். குறை போனில் இல்லை, வீட்டுக்காரரிடம் என்று எப்படிச் சொல்வது. "ஆசையா இருக்குதுங்க" என்றேன். "ஆசைக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் காவியா ஆன்லைனில் தேடி, விலையும் மலிவு, நட்சத்திரமும் நிறைய என்று ஒன்றைப் பிடித்து ஆர்டர் போட்டாள். வந்த பெட்டியைப் பிரித்தால் இளநீலத்தில் சோப்பு டப்பா மாதிரி ஒன்று. குழந்தைகள் விளையாட்டுக் கேமராவாம், அதைக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், நாங்கள் பார்க்கவில்லை. அது எடுக்கிற ஒவ்வொரு முகத்துக்கும் முயல் காது வைக்கும். எங்கே அமுக்கினாலும் அந்தக் காது போகவில்லை. உன் மாமாவை எடுத்துப் பார்த்தோம். அவர் படத்துக்குச் சிரிக்கிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற முகம். அந்த முகத்துக்கு மேல் இரண்டு ரோஜா நிறக் காதுகள். காவியா தரையில் உருண்டு சிரித்தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "காது ரெண்டும் ஒரே ஒசரத்துல இருக்குது, நல்ல அச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் பள்ளிப் பஸ் டிரைவர் மங்கலம்பேட்டையில் இலியாஸ் பாய் கடையைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டுவருகிற டார்ச், சென்ட், ரேடியோ, புதுசு பழசு எல்லாம் அங்கே இருக்குமாம். பஸ் ஏறிப் போனேன். இலியாஸ் பாய் கண்ணாடி அலமாரியின் அடித்தட்டிலிருந்து இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, மூக்கு நீளம். "இதுல ஜூம் ஜாஸ்திங்க. ஜங்ஷன்ல நின்னுக்கிட்டே கோயில் கோபுரத்த எடுக்கலாம்" என்றார். "கோபுரம் எங்கயும் போவாதுங்க, நான் கிட்டப் போயே எடுத்துக்கறன்" என்றேன். இன்னொன்று வெள்ளி நிறம், உள்ளங்கை அகலம், ஒரு மூலையில் லேசாக நசுங்கியிருந்தது. அதற்குப் பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரியே போதும் என்றார். அதை எழுதி வைத்துக்கொள், உன் பட்டியலில் எதிலும் இந்த விஷயம் இல்லை. தனி பேட்டரி என்றால் அது செத்துப்போனால் கேமராவும் சேர்ந்து செத்துப்போகும். ஆன் செய்தால் திரை முழுக்க அரபி. இலியாஸ் பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு, "வாசிக்க வருதுங்க, என்னா சொல்றான்னுதான் தெரியல" என்று உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அவர் மனைவி அரபிக் கல்லூரியில் படித்தவராம். மாவு பிசைந்த கையோடு வந்து, சுண்டுவிரலால் நாலு தடவை அமுக்கி இங்கிலீஷுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, "இவரு நேத்தெல்லாம் இத வச்சிக்கிட்டு முழிச்சாருங்க, என்ன ஒரு வார்த்த கேக்கல" என்றார். இலியாஸ் பாய் காதில் விழாத மாதிரி அலமாரியைத் துடைத்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

நான் அந்த வெள்ளிக் கேமராவை அமுக்கிப் பார்த்தேன். அமுக்கியதும் உடனே எடுக்கவில்லை. மெல்ல ஒரு சத்தம், அப்புறம் கொஞ்சம் யோசனை, அதன் பிறகுதான் படம். "அது கொஞ்சம் மெதுவுங்க, பழசுல்ல" என்று அவர் விலையைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அந்த மெதுவே பிடித்துவிட்டது. யாராவது ஏதாவது கேட்டால் நானும் அப்படித்தான், ஒரு விநாடி உள்ளே போய்விட்டுத்தான் வருவேன். வாங்கிவிட்டேன்.

போன ஞாயிறு மாமாவுக்குச் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் கேமராவைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனி என்று சொல்கிறோமே தவிர ஒரு சூளை, நாலு ஆட்கள், வரிசை வரிசையாக ஊறுகாய் ஜாடிகள், உனக்குத் தெரியும். முதலில் நான் அவரை ஒன்று எடுத்தேன். ஈர ஜாடிகளுக்கு நடுவில் முண்டாசோடு நின்று முறைத்தார். அப்புறம் அவர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று எதை வாங்கினாலும் சுண்டிப் பார்க்கிற கை அது. நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது நம் வீட்டு எவர்சில்வர் சொம்பைச் சுண்டியவர்தானே. "சரி, மொதல்ல ஜாடில பாப்போம்" என்று வழக்கமாக அவர் படம் எடுக்கிற இடத்துக்குப் போனார். சுவரில் வெள்ளை வேட்டி, முன்னால் ஒரு முக்காலி. ஜாடியை வைத்தார், பிரஷ்ஷால் தூசி தட்டினார், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தினார், எடுத்தார். இப்படி மூன்று ஜாடி, மூன்று படம். மதுரையில் ஜாடி வாங்குகிற பாண்டியன் ஒரு தடவை படத்தைப் பார்த்துப் பெரிய ஜாடி என்று நினைத்து ஆர்டர் போட்டு, பிரித்துப் பார்த்துச் சண்டை பிடித்ததிலிருந்து தீப்பெட்டி இல்லாமல் இவர் எதையும் படம் எடுப்பதில்லை. தீப்பெட்டி எவ்வளவு பெரிது என்று எல்லா ஊருக்கும் தெரியும் அல்லவா.

மூன்று படம் எடுத்த பிறகு தானாகவே, "வா, வந்து நில்லு" என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, இந்த வயதில் இது என்ன என்று எனக்கே வெட்கமாக இருந்தது. முக்காலிக்குப் பக்கத்தில், வேட்டிக்கு முன்னால் நின்றேன். அவர் போன் எங்கேயோ மண் மூட்டைமேல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருப்பது போன் இல்லை என்பதால் அது தன்னைக் கூப்பிடுவதாகவே அவருக்குத் தோன்றவில்லை. "நேரா நில்லு. கொஞ்சம் இடது பக்கம் திரும்பு. கை மறைக்குது, கீழ வுடு" என்றார். பக்கத்தில் வந்தார். என் தோளில் மண்ணோ மாவோ ஏதோ ஒட்டியிருந்திருக்கிறது. ஜாடியைத் தட்டுகிற அதே பிரஷ்ஷால் தோளைத் தட்டினார், காதோரம் நரைத்த முடியையும் ஒரு தட்டுத் தட்டினார். அது தூசி என்று நினைத்திருப்பார். போகவில்லை என்றதும் விட்டுவிட்டார். திரும்பிப் போய்க் கேமராவைத் தூக்கினார், இறக்கினார், ஏதோ குறைகிறது என்று யோசித்தார். மறுபடி வந்து முக்காலியில் எனக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை எடுத்து நிறுத்தினார்.

"ஏங்க, நான் என்னா ஜாடியா?"

"அளவு தெரிய வேணாமா?"

"யாருக்குங்க என் அளவு தெரியணும்?"

"பாக்கறவங்களுக்கு" என்றார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

அந்த நேரத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார். உடனே எடுக்கிற கேமராவாக இருந்தால் என் கோபம்தான் விழுந்திருக்கும். இது யோசிக்கிற கேமரா. அது யோசித்து முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் அந்தச் சிரிப்புதான் இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேமராவின் மெமரி அட்டையை அதே ஜங்ஷன் ரோட்டு ஸ்டூடியோவில் கொடுத்து மாமா படம் ஒன்றும் என் படம் ஒன்றும் பிரிண்ட் போட்டோம். "அக்கா, தீப்பெட்டிய எடுத்துட்டு பின்னால ரோஜாத் தோட்டம் வச்சிடவா?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அட்டையில் இருந்த எல்லாவற்றையும் அவர் உன் மாமாவின் போனுக்கும் மாற்றிக் கொடுத்தார். மாமா அதை அப்படியே மொத்தமாகப் பாண்டியனுக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது பாண்டியனின் குரல் போனில் சத்தமாகப் பேசுகிறது. "அண்ணே, ஜாடியில ஒண்ணு, ரெண்டு பழைய அளவுதானே, அனுப்பி விட்ருங்க. மூணாவதுல மூடி லேசாக் கோணுது. நாலாவதுல மதினி நிக்கிறாங்க. பக்கத்துல தீப்பெட்டி வேற இருக்கு. இதுக்கும் ஆர்டர் எழுதணுமாண்ணே?" காவியாவுக்குப் புரையேறியது. எனக்குச் சட்னிக் கிண்ணத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. உன் மாமா மட்டும் கையைக் கழுவி, துடைத்து, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பதில் பேசினார். "பாண்டியன், அது தவறி வந்துட்டுது. அது ஒண்ணுதான் இருக்குது, அதே மாதிரி வேற கெடையாது. குடுக்கறதா இல்ல. மூடி கோணல் இல்ல, வெளிச்சம் அப்படி." பேசிவிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

நான் உள்ளே போய், இரண்டு கேட்டவருக்கு நாலு இட்லி எடுத்துக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான், அதையும் மதுரைக்குச் சொன்னார். தீப்பெட்டி வைத்தபோது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது வளவா. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் எவ்வளவு பெரிய ஆளாக, எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறேன் தெரியுமா. நான் இவ்வளவு இருக்கிறேன் என்று பார்க்கிறவர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஒருத்தர் மெனக்கெட்டிருக்கிறார். அதனால் நீ எனக்குப் புதுப் போன் ஒன்றும் வாங்கி அனுப்ப வேண்டாம். என் ஆசை முடிந்தது. படத்தை அலமாரியில் வைத்துக்கொள். பேனருக்கு என்று வைத்துக்கொள்ளாதே, பார்ப்பதற்கு வைத்துக்கொள். உனக்கும் அளவு தெரிய வேண்டும் என்று அந்தத் தீப்பெட்டியையும் சேர்த்து அனுப்பச் சொன்னார் மாமா. இலியாஸ் பாயிடம் போனில் கேட்டேன். "ஏர்போர்ட்ல தீப்பெட்டியப் புடுங்கிடுவாங்கம்மா, எந்தம்பியையும் சேத்து" என்றார். நீயே அங்கே ஒரு தீப்பெட்டி வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. ஊறுகாய்க்கு ஈரக் கரண்டி போடாதே. வெயிலில் நிற்கிற வேலை என்றால் தலையில் துணி கட்டிக்கொள். காவியா உனக்கு முயல் காது வைத்த மாமா படத்தைத் தனியாக அனுப்புவாள், நான் அனுப்பச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் உன் கையும் காலும் நோகாமல், மனசு நோகாமல் இருக்க வேண்டும், அடுத்த லீவுக்கு நீ வந்து இறங்கும்போது உன்னை நிற்கவைத்து நான் ஒரு படம் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அன்பு அக்கா
பூர்ணிமா

பின்குறிப்பு: இலியாஸ் பாயின் தம்பி வந்து வாசலில் ஹார்ன் அடிக்கிறார். உறையை ஒட்டப் போனால் உள்ளே என் படம் இல்லை. மேசை, மெத்தை, காவியாவின் புத்தகம் எல்லாம் தேடியாகிவிட்டது. உன் மாமாவைக் கேட்டேன். "எனக்கு என்னா தெரியும்" என்கிறார். சொல்லும்போது கையைச் சட்டைப்பையின்மேல் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார். வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூடியோ பூட்டியிருக்கிறது, இன்னொன்று போட நேரமும் இல்லை. அவரோடு சண்டை போடவும் எனக்கு மனசு வரவில்லை. அதனால் கையில் இருந்த மற்ற படத்தை வைத்திருக்கிறேன். ஜாடிகளுக்கு நடுவில் முறைத்துக்கொண்டு நிற்பது உன் மாமா. வலது ஓரத்தில் கீழே மங்கலாகத் தெரிவது என் கட்டைவிரல். இப்போதைக்கு அக்காவை அதில் பார்த்துக்கொள்.